ஒத்தமூக்கு

மரைன் ஹில்லில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு பானத்துக்கு ஒத்தமூக்கு என்று பெயர். வேறெங்கும் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தான். சிரித்துச் சிரித்தே அந்தப் பெயர் நிலைத்து, கடைசியில் அதைச் செய்கிற மனிதருக்கும் அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அவர் அண்ணாச்சி, அவ்வளவுதான்.

நான் கல்யாணமாகி, மதராஸிலிருந்து கப்பலில் வழிநெடுக வாந்தி எடுத்துக்கொண்டே போர்ட் பிளேரில் வந்து இறங்கிய வருஷம் அது. என் கணவருக்குத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை. இடது பக்கத்து வீட்டில் அதே ஆபீசில் வேலை பார்த்த ஒரு பெங்காலி பாபு. வலது பக்கத்து வீட்டில் அண்ணாச்சி, தனியாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். துறைமுகப் படகுகளின் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலை. வருஷம் பூராவும் அவர் கையில் டீசல் மணக்கும். டிசம்பரில் மட்டும் ஜாதிக்காய் மணக்கும்.

இளவயதில் ஏதோ வெளிநாட்டுக் கப்பலில் பட்லருக்கு எடுபிடியாக இருந்தவர். கிறிஸ்மஸுக்கு வெள்ளைக்காரர்கள் குடிக்கிற பானங்களையெல்லாம் அங்கே செய்து பழகியிருக்கிறார். நான் வந்து சேர்ந்த வருஷம்தான் முதல்முறையாக வரிசை முழுவதையும் வாசலுக்கு அழைத்து ஊற்றிக் கொடுத்தார். மேலே வெள்ளையாய் நுரை நிற்க, மஞ்சளாய் ஏதோ டம்ளரில் வந்தது. பாபு அதைச் சந்தேகத்தோடு பார்த்து, இது என்ன சாமான் என்கிற மாதிரி, "அரே பாயி, யே க்யா சீஸ் ஹை?" என்றார்.

"எக்நாக்" என்றார் அண்ணாச்சி.

"ஏக் நாக்?" பாபு தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "தோ தூஸ்ரா நாக் கிதர் கயா?"

தீவில் எல்லோருக்கும் பொது பாஷை இந்திதானே. ஏக் என்றால் ஒன்று, நாக் என்றால் மூக்கு. ஒரு மூக்கு இங்கே இருக்கிறது, இன்னொரு மூக்கு எங்கே போயிற்று என்று பாபு கேட்க, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் இந்தி புரியவில்லை. என் கணவர் என் காதில், "ஒத்தமூக்குன்னு அர்த்தம்" என்று சொன்னார். நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அது ஒத்தமூக்கு.

பெயர் பொருத்தமாகத்தான் அமைந்தது. அண்ணாச்சி எதையும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மூக்குதான். கரண்டியை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு நிமிஷம் நிற்பார். "சீனி இன்னும் கரையல" என்பார். சீனிக்கு என்ன மணம் இருக்கிறது, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அடியில் கரண்டியை விட்டுப் பார்த்தால் சீனி கிடக்கும்.

அந்த வேலையை அவர் செய்கிறதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். முட்டையை உடைத்து மஞ்சளை ஒரு சட்டியிலும் வெள்ளையை ஒரு சட்டியிலும் பிரிக்கிறது மட்டும் என் பங்கு. மஞ்சளில் சீனியைப் போட்டு வெளுக்கிறவரை அடிப்பார். பாலை ஆவி வருகிற அளவுக்குச் சுடவைத்து, நூல் மாதிரி அதில் விடுவார். பால் என்றால் மாட்டுப்பால் இல்லை, கப்பலில் வருகிற டப்பாப் பால். டப்பா வராத வருஷம் தேங்காய்ப்பால். ஆறியபிறகு பட்டாளத்து ரம். வெள்ளைக் கருவைத் தென்னை ஈர்க்குக் கட்டால் அடித்து, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத நுரையாக்கி, மேலே மெல்லக் கலப்பார். கடைசியில் ஜாதிக்காய். அதைத் துருவ, ஒரு பால்டப்பா மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு அவரே ஒரு துருவி செய்து வைத்திருந்தார்.

எப்போதும் இரண்டு ஜாடி இருக்கும். ரம் விட்ட ஜாடியின் காதில் ஒரு செம்பருத்திப் பூவைச் செருகி வைப்பார். எங்களைப் போன்ற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பூ இல்லாத ஜாடி. வரிசையில் சில பெண்கள் பூவைப் பார்க்காத மாதிரி டம்ளரை நீட்டுவார்கள். அண்ணாச்சியும் பார்க்காத மாதிரியே ஊற்றுவார். நான் நீட்டியதில்லை. எனக்கு ஆசை இல்லாமலில்லை, என் கணவர் எதிரிலேயே நிற்பார்.

ஒத்தமூக்கு மட்டுமில்லை. மழை விடுவதற்கு முன்பே பீங்கான் ஜாடியில் காய்ந்த திராட்சையை ஊறப்போட்டுத் துணி கட்டி வைத்துவிடுவார், அது ஒயின். இஞ்சியைத் தட்டிக் காய்ச்சி ஒன்று, அது குளிருக்கு என்பார். போர்ட் பிளேரில் குளிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இன்னொரு டம்ளர் ஊற்றுவார். அப்புறம் பஞ்ச். அன்னாசிச் சாறு, எலுமிச்சை, சீனி, டீ டிகாக்‌ஷன், ரம், ஐந்தே ஐந்து சாமான். மலையாளி ஒருமுறை கொஞ்சம் கிராம்பும் போடலாமே என்று யோசனை சொன்னார். "அஞ்சு இருந்தாத்தான் பாஞ்ச். ஆறாவது போட்டா ச்சே!" என்றார் அண்ணாச்சி. இந்தியில் ஐந்துக்குப் பாஞ்ச், ஆறுக்கு ச்சே. தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று மலையாளிக்கும் தெரியும். அவர் கிராம்புப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எல்லோருக்கும் ஊற்றிவிட்டுத் தோளில் துண்டோடு சுவரோரமாக நிற்பார். மற்றவர்கள் முதல் வாய் குடிக்கும்போது அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். வெறும் காற்றைத்தான் விழுங்குவார். அதை ஒருமுறை பார்த்துவிட்டபிறகு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இத்தனை பேருக்கு ஊத்துதியளே அண்ணாச்சி, நீங்க ஒரு வாய் குடிச்சா என்ன?"

அவர் ஈர்க்குக் கட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார். "மாதா முன்னாடி சொல்லிட்டேன் தங்கச்சி, தொடமாட்டேன்னு."

அப்போதுதான் அண்ணாச்சியின் மனைவி, மைனியைப் பற்றி முதலில் கேள்விப்பட்டேன். அண்ணாச்சி ஊரில் மொடாக்குடியராக இருந்திருக்கிறார். அவர் வாயாலேயே சொன்னது. மகள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று, வெள்ளைக் கவுனும் மெழுகுவர்த்தியுமாகப் பிள்ளை கோயிலுக்குள்ளிருந்து வெளியே வர, இவர் படியில் குடித்துவிட்டு விழுந்து கிடந்திருக்கிறார். பிள்ளை தாண்டிப் போயிருக்கிறாள். மைனி அன்றைக்கே அவரை வீட்டுக்குள் விடவில்லை. அவர் மாதா சுரூபத்தின் முன்னால், ஊரார் பார்க்க, இனி அதைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு அந்தமானுக்குக் கப்பலேறினார். அதற்கு மைனி சொல்லியனுப்பிய வார்த்தையை அண்ணாச்சி மைனியின் குரலிலேயே சொல்வார்.

"‘போங்க. ஒரு நா நான் வருவேன். சொல்லிக்கிட்டு வரமாட்டேன். வந்து மோந்து பாப்பேன். மணக்கலைன்னா இருப்பேன். மணந்துச்சுன்னா அதே கப்பல்ல திரும்பிருவேன்.’ அப்படிச் சொன்னா தங்கச்சி."

அதனால் ஒரு கப்பல் விடமாட்டார். மதராஸ் கப்பலின் சங்கு கேட்டால், கைவேலையை முடித்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சாத்தம் ஜெட்டிக்குப் போய் நிற்பார். தீவில் கப்பல் வந்தால் ஊரே ஜெட்டிக்குப் போகும், அது வேறு. இவர் போகும்போது வெற்றிலை போடமாட்டார், பீடி குடிக்கமாட்டார். "கிராம்பு மென்னாக்கூட எதையோ மறைக்கான்னு நெனப்பா" என்பார். ஏணியில் கடைசி ஆள் இறங்கும்வரை நிற்பார். திரும்பி வரும்போது எங்கள் வாசலில் நின்று, "இந்தக் கப்பல்லயும் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். நாங்களும் சோறு வைத்துக்கொண்டு காத்திருப்போம், ஒருவேளை வந்துவிட்டால் என்று.

"கையெல்லாம் ரம் மணக்குதே அண்ணாச்சி, மைனி இப்ப வந்து நின்னா?" என்று ஒரு டிசம்பரில் கேட்டேன்.

"கை மணந்தா என்ன, வாய்தானே குடிக்கி. கிறிஸ்மஸ் நேரத்துல அவ கோயில விட்டு நகரமாட்டா, நீ பயப்படாத." பிறகு சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இங்க எல்லாரும் ஊரை விட்டுட்டு வந்தவிய. இந்த ஒரு நா எல்லாரும் சிரிக்காவ. எனக்குப் பாக்க நல்லா இருக்கு தங்கச்சி. குடிக்கிறத விட்டுட்டேன், இதையும் விடச் சொன்னா நான் எங்க போவேன்?"

அவர் மூக்கு எவ்வளவு பிடிவாதம் என்பதற்கு ஒரு கதை உண்டு. ஒரு வருஷம் கோழிக்கு நோய் வந்து போர்ட் பிளேரில் முட்டையே இல்லை. வடக்கே திக்லிபூரில் பயிர் செய்கிற சிநேகிதர் ஒருவர் கப்பலில் ஒரு கூடை ஆமை முட்டை அனுப்பினார். அப்போது அதற்குத் தடை எதுவும் இல்லை, எல்லோரும் தின்றார்கள். அண்ணாச்சி வெள்ளைக்கருவை அடித்தார், அடித்தார், ஈர்க்கு ஒடிகிறவரை அடித்தார். நுரைக்கவில்லை. ஆமை முட்டை வெள்ளை வெந்தாலும் கெட்டியாகாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாபு, "சல்தா ஹை, பாயி, நுரை வேண்டாம், அப்படியே கொடு" என்று இந்தியில் கெஞ்சினார். அண்ணாச்சி மோந்து பார்த்தார். "கடல் மணக்குது" என்று சட்டியை ஓரம் வைத்துவிட்டார். ரங்கத் என்ற ஊரிலிருந்து ஒருவர் நாட்டுக்கோழி முட்டையை வைக்கோலில் பொதிந்து கொண்டுவரும்வரை எங்களுக்கு ஒத்தமூக்கு கிடைக்கவில்லை. அந்த வருஷக் கிறிஸ்மஸைப் புதுவருஷம் கழிந்துதான் குடித்தோம்.

அதற்கு அடுத்த வருஷம் மைனி வந்தார்.

கப்பல் எப்போதும் பிந்தித்தான் வரும். முந்தி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அந்தமுறை கிறிஸ்மஸ் கழிந்து வரவேண்டிய கப்பல் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானமே வந்துவிட்டது. அண்ணாச்சி முற்றத்தில் உட்கார்ந்து ஜாடியில் ரம் விட்டுக்கொண்டிருந்தார். பாபுவும் மற்றவர்களும் பஞ்ச் சரியாக இருக்கிறதா என்று காலையிலிருந்தே பார்த்துப் பார்த்து முக்கால் ஜாடியைக் காலி செய்திருந்தார்கள். சங்கு ஊதியது. மரைன் ஹில்லில் அது காதுக்குள்ளேயே ஊதுகிற மாதிரி கேட்கும். எதிர்பாராத சத்தத்தில் அண்ணாச்சியின் கை நழுவி, ரம் பாட்டில் அவர் மடியிலேயே கவிழ்ந்தது.

"குளிங்க அண்ணாச்சி, முதல்ல குளிங்க" என்று நான்தான் விரட்டினேன். சோப்புப் போட்டுக் குளித்தார், சலவைச் சட்டை போட்டார். "இன்னைக்கு அவ வரமாட்டா. சும்மா போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். ஆனால் கையை ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டார். விடுமுறை உற்சாகத்தில் வரிசையே கூடக் கிளம்பியது.

ஏணியில் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஊதாச் சேலை கட்டிய ஒரு பெண் இறங்கினார். அண்ணாச்சி நின்ற நிற்பிலிருந்தே யாரென்று தெரிந்துவிட்டது. மைனி பெட்டியைக் கீழே வைத்தார். அண்ணாச்சியின் வலது கையைப் பிடித்துத் தன் முகத்தருகே கொண்டுபோனார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். அண்ணாச்சி கரண்டியை மோந்து பார்க்கிற அதே நிற்பு. இவரிடமிருந்து அவர் கற்றாரா, அவரிடமிருந்து இவர் கற்றாரா என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

பிறகு கையை விட்டுவிட்டார்.

பாபு முன்னே பாய்ந்தார். "பாபிஜி, கஸம் ஸே, யே ஆத்மி பீத்தா நஹீ! கபீ நஹீ!" என்று, இந்த ஆள் குடிப்பதே இல்லையென நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தார். மைனிக்கு இந்தி தெரியாது. பாபுவின் வாயிலிருந்து வந்த வாடை மட்டும் தெரிந்தது. ஓரடி பின்வாங்கினார். தெலுங்கர் வந்தார், மலையாளி வந்தார். அண்ணாச்சி குடிக்கமாட்டார் என்பதற்கு வந்த சாட்சிகள் அத்தனை பேரும் ரம்மில் குளித்தவர்கள். வேறு யார் கதையாவது என்றால் நான் சிரித்திருப்பேன்.

நான் போய் மைனியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மைனி, நான் பக்கத்து வீடு. மாதா சத்தியமா சொல்லுதேன், அண்ணாச்சி அதைத் தொட்டதே இல்ல."

"தொடாமலா தாயி இப்படி மணக்குது?"

அண்ணாச்சி மெல்லச் சொன்னார், "குடிக்கல பிள்ள. எல்லாருக்கும் கலந்து குடுத்தேன். வாயில வைக்கல."

"மாதா முன்னாடி என்ன சொன்னிய? குடிக்கமாட்டேன்னா? தொடமாட்டேன்னு சொன்னிய. ஊரே கேட்டுச்சு."

தமிழில் நாம் சும்மா சொல்கிற வார்த்தைதான். குடிக்கமாட்டான் என்பதற்குத் தொடமாட்டான் என்போம். அந்த வார்த்தையை மைனி மாதிரி அப்படியே எழுத்துக்கு எழுத்துப் பிடித்துக்கொண்டவர்களை நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி வாதாடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் தூக்கினார்.

கப்பல் திரும்புகிறவரை மைனி எங்கள் வீட்டில்தான் இருந்தார். மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். இருவரும் காலைப் பூசைக்குச் சேர்ந்து போனார்கள், ஆனால் இடையில் ஒரு ஆள் போகிற இடம்விட்டு நடந்தார்கள். அந்தக் கிறிஸ்மஸுக்கு அண்ணாச்சி ஒத்தமூக்கை வாசலில் வைத்து ஊற்றவில்லை. கலந்தது அத்தனையையும் கொல்லையில் தென்னை மூட்டில் கொட்டிவிட்டார். பாபு அந்தத் தென்னையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதை நானே பார்த்தேன். கப்பல் புறப்படும்போது மைனி சொன்னது ஒன்றுதான். "கை மணக்காத நாள்ல சொல்லியனுப்புங்க."

அதோடு அண்ணாச்சி அதைத் தொடுவதை விட்டார். எழுத்துக்கு எழுத்து விட்டார். பாட்டிலைத் தூக்கி அடுத்தவருக்குக் கொடுக்கக்கூட மாட்டார். திராட்சை ஜாடி காலியாக, கவிழ்ந்து கிடந்தது. துருவியை எடுத்து எங்கள் பரணில் போட்டுவிட்டுப் போனார். அவர் சொல்லியனுப்பினார், பலமுறை சொல்லியனுப்பினார். அங்கே மைனியின் தாய் படுத்த படுக்கையாகிவிட்டார், அசையமுடியாது என்று பதில் வந்தது. அண்ணாச்சி அதை நம்பினாரா, இன்னும் கோபம் தீரவில்லை என்று எடுத்துக்கொண்டாரா தெரியாது. ஒவ்வொரு கப்பலுக்கும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஜெட்டிக்குப் போனார்.

டிசம்பர் வந்தால் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பண்டிகை நாளில் எல்லோரும் பழக்கதோஷத்தில் வாசலில் வந்து நிற்போம். யார் கையிலும் டம்ளர் இருக்காது. கொஞ்சநேரம் நின்றுவிட்டு அவரவர் ஊர்க் கதையைப் பேச ஆரம்பிப்போம், யாராவது ஒருத்தி கண்ணைத் துடைப்பாள், கலைந்துவிடுவோம். பொறுக்கமாட்டாமல் ஒருமுறை பாபுவே செய்கிறேன் என்று அடுப்பு மூட்டினார். இரண்டு வீடு தள்ளித் தன் படியில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி தலையைத் தூக்கினார். "பாபு, பால் ஜாஸ்தி கரம்! உதாரோ!" என்று கத்தினார், பால் சூடு அதிகம், இறக்கு என்று. அதற்குள் பால் முட்டையில் விழுந்து, எல்லாம் திரிதிரியாகத் திரண்டுவிட்டது. முட்டைப் பொரியலில் ரம் ஊற்றியமாதிரி ஒன்றை நாங்கள் அன்றைக்குத் தின்றோம். அண்ணாச்சி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு என் கணவருக்கு மதராஸுக்கே மாற்றல் வந்தது. ஊருக்குப் போகப்போகிறோம் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. ஜெட்டிக்கு வரிசையே வந்தது. ஏணியில் கால் வைக்கப்போகும்போது அண்ணாச்சி என்முன்னால் வந்து, இரண்டு கையையும் நீட்டினார்.

"மோந்து பாரு தங்கச்சி."

ஜனங்களுக்கு நடுவில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் குனிந்து மோந்தேன். டீசலும் சோப்பும்தான். அந்தக் கையில் ஜாதிக்காய் மணக்காத டிசம்பரை என்னால் தாங்கமுடியவில்லை.

"ஊருக்குப் போனா அவகிட்டச் சொல்லு. நீ மோந்து பாத்தேன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவா, நீ குடிக்காதவ."

அடுத்த கோடையில் திருநெல்வேலியில் என் தாய்வீட்டுக்குப் போன நான், அங்கிருந்து பஸ் ஏறி மைனியின் ஊரைத் தேடிப் போனேன். கோயிலுக்குப் பின்னால், கடலுக்கு முகம் காட்டிய வீடு. மைனி கறுப்புச் சேலையில் இருந்தார். தாய் இறந்து அதிக நாளாகவில்லை. மகள் வளர்ந்து, ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாளாம். எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து எதிரில் உட்கார்ந்தார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"மோந்து பாத்தியா?"

"பாத்தேன் மைனி. ஒண்ணுமே மணக்கல."

"ஜாதிக்காய்கூடவா மணக்கல?"

"அதைத் தொட்டே வருஷக்கணக்காச்சு. எங்களுக்கெல்லாம் கிறிஸ்மஸே இல்ல."

மைனி தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார், "திரும்பி வரும்போது கப்பல்ல எல்லாரும் வாந்தி எடுத்தாவ தாயி. நான் இந்தக் கையை மூக்குல வச்சுக்கிட்டே படுத்துக் கிடந்தேன். அவிய கையைப் பிடிச்ச கை. அதுல ரம்மும் மணந்துச்சு, ஜாதிக்காயும் மணந்துச்சு. எனக்குக் குமட்டவே இல்ல. பழைய நாள்ல அவிய குடிச்சுட்டு வந்தா வருமே, அந்த நாத்தம் இல்ல அது. கரை வர்றதுக்குள்ள எனக்குப் புரிஞ்சிட்டு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? அதுக்குள்ள அம்மாவும் விழுந்துட்டாவ."

"இப்பச் சொல்லுங்க மைனி."

"இப்ப நேர்லயே போய்ச் சொல்லுதேன். தொடட்டும். எவ்வளவு வேணும்னாலும் தொடட்டும். குடிக்காம இருந்தாச் சரி."

மதராஸ் துறைமுகத்தில் மைனியைக் கப்பலேற்றியது நான்தான். அதே இரும்புப் பெட்டி. முந்தானையில் ஏதோ முடிந்து வைத்திருந்தார், அவிழ்த்துக் காட்டினார். ஜாதிக்காய். அண்ணாச்சியின் துருவியை நான் பரணிலிருந்து எடுத்து மதராஸுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஏன் கொண்டுவந்தேன் என்று கேட்டால் தெரியாது. அதையும் அவர் கையில் கொடுத்தேன்.

"அவியகிட்ட என்ன சொல்லட்டும் தாயி?"

"கிறிஸ்மஸுக்கு எனக்கும் ஒரு டம்ளர் ஊத்தி வைக்கச் சொல்லுங்க."

மைனிக்கு இரண்டு ஜாடிக் கதை எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோதே தெரியும். "எதுல இருந்து? பூ வச்சதுலயா, வைக்காததுலயா?"

என் கணவர் சற்றுத் தள்ளி, போர்ட்டரோடு பேசிக்கொண்டிருந்தார். "பூ வச்சதுல" என்றேன். மைனி அன்றைக்குத்தான் சிரித்தார். சங்கு ஊதியது. அந்தச் சத்தத்தைக் கரையில் நின்று கேட்டபோது, நானும் போகிறவளாக இருக்கக்கூடாதா என்று இருந்தது. ஏறிப் போகிறவர்கள் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது.

அதற்கும் அடுத்த வருஷம் பாபு லீவில் கல்கத்தா போகிற வழியில் மதராஸில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசற்படி ஏறும்போதே, "ஏக் நாக் மிலா!" என்று கத்தினார், ஒத்தமூக்கு கிடைத்துவிட்டது என்று. வரிசையே திரண்டதாம். மைனி முட்டை பிரித்தாராம், என் வேலையை. அண்ணாச்சி கண்ணை மூடி மோந்து பார்க்க, பக்கத்தில் நின்று மைனியும் மோந்து பார்த்து, ஜாதிக்காய் கம்மி என்று ஒருவர், போதும் என்று ஒருவர், சண்டை வேறாம். பாபு மூன்று டம்ளர் குடித்தாராம்.

"எல்லாருக்கும் கொடுத்தப்புறம் பாயி, உன் அண்ணாச்சி, ஒரு டம்ளர் ஊற்றினார்" என்று அவர் இந்தியில் சொன்னார். "பூ வைத்த ஜாடியிலிருந்து. உன் வீட்டுப் படியில் கொண்டுபோய் வைத்தார். இப்போது அங்கே வேறு ஆள் குடியிருக்கிறான், அவன் எடுக்கப் போனான். பாயி விடவில்லை. அது என் தங்கச்சியுடையது, யாரும் தொடக்கூடாது என்றார். நானும் கேட்டுப் பார்த்தேன். மோந்து வேண்டுமானால் பார், தொடாதே என்றார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து மோந்துவிட்டு வந்தோம்."

நான் உள்ளே போய் பாபுவுக்குக் காப்பி கலந்தேன். கலந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு நான் அந்தமான் போகவில்லை. போகவேண்டும் என்று நினைக்காத டிசம்பரும் இல்லை.